எண்பதில் தொடங்கி முப்பதில் முடியும் ஏணி: வேலை இழந்தோருக்கான சேவை எங்கே சுருங்குகிறது?

முதல் மாதம் 80 விழுக்காடு. இரண்டாம் மாதம் 50. மூன்றாவதும் நான்காவதும் 40. ஐந்தாவதும் ஆறாவதும் 30. அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது. மலேசியாவில் தனியார் துறையில் ஆட்குறைப்பில் வெளியேறிய ஒருவருக்குச் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ கொடுக்கும் வேலை தேடும் உதவித்தொகை இந்த ஆறு எண்களுக்குள் அடங்கிவிடும். இதுவும் உச்சக் கணக்கு. சந்தா செலுத்திய காலம் குறைவாக இருந்தால் மூன்று மாதத்திலேயே கதவு சாத்தப்படலாம்.

பினாங்கு மாநிலத்தின் பிறையில் ஒரு தொழிற்சாலையில் 2,500 ரிங்கிட் சம்பளம் வாங்கிய மெஷின் ஆபரேட்டரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு முதல் மாதம் 2,000, அடுத்த மாதம் 1,250, பிறகு இரண்டு மாதங்கள் ஆயிரம் ஆயிரமாக, கடைசி இரண்டு மாதங்கள் 750 வீதம் வரும். ஆறு மாதத்துக்கும் சேர்த்து 6,750 ரிங்கிட். இரண்டே முக்கால் மாதச் சம்பளத்துக்கும் சற்றுக் குறைவு. சொக்சோவின் சம்பள அட்டவணை படிநிலைகளாக இருப்பதால் சில ரிங்கிட் முன்பின் வரலாம், ஆனால் விகிதம் மாறாது. குறைந்தபட்சச் சம்பளமான 1,700 ரிங்கிட் வாங்கியவர் என்றால் ஐந்தாம் மாதம் அவர் கைக்கு வருவது 510 ரிங்கிட். 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஒரு குடும்பத்துக்கான தேசிய வறுமைக் கோடு 2,589 ரிங்கிட்.

வேலை தேடுவோருக்கான சேவையை அரசாங்கம் வெட்டுகிறது என்றால் பட்ஜெட் உரையும் நாடாளுமன்றக் கூச்சலும்தான் நினைவுக்கு வரும். நம் நாட்டில் அப்படி யாரும் அறிவித்து வெட்டுவது அரிது. வெட்டு முன்கூட்டியே அட்டவணையில் எழுதப்பட்டிருக்கிறது. விதிவிலக்குகளில் இருக்கிறது. ஆண்டு முடிவில் தானாகக் காலாவதியாகும் திட்டங்களில் இருக்கிறது. ஓர் அதிகாரியின் மேசையில் எத்தனை கோப்புகள் சேர்கின்றன என்பதில் இருக்கிறது. யாரும் கையெழுத்துப் போடாமலேயே நடந்துவிடுவதால் யாரிடமும் கேள்வி கேட்கவும் முடிவதில்லை.

இறங்கும் ஏணிக்குப் பின்னால் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. தொகை குறையக் குறைய ஆள் சுறுசுறுப்பாக வேலை தேடுவார் என்பது அது. சீக்கிரம் வேலை கிடைத்துச் சேர்ந்துவிட்டால் மீதமுள்ள தொகையில் 25 விழுக்காட்டை ஊக்கத்தொகையாகத் தருகிறார்கள். மேலே சொன்ன ஆபரேட்டர் இரண்டு மாதம் வாங்கியபின் புது வேலையில் அமர்ந்தால், மீதி 3,500இல் கால்பங்கான 875 ரிங்கிட் கிடைக்கும். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் நிறுவனங்கள் ஆள் கிடைக்காமல் பேனர் கட்டித் தொங்கவிடும் காலத்தில் இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் வேலையின்மை கூடிய காலத்தில் ஒரு வேலைக்கு மூன்று பேர் நிற்பார்கள். தேடலுக்கு எட்டு மாதம், பத்து மாதம் ஆகும். ஏணியோ நல்ல காலத்துக்கும் கெட்ட காலத்துக்கும் ஒரே வேகத்தில்தான் இறங்குகிறது. வேலைச் சந்தை படுத்தால் உதவிக் காலம் தானாக நீளும்படி சில நாடுகளில் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் சட்டத்தில் அந்த விசை இல்லை. ஒவ்வொரு முறையும் அமைச்சரவை மனம் வைத்தால்தான் உண்டு.

பிறக்கும்போதே குறைக்கப்பட்டது

இந்தத் திட்டம் எப்படி இவ்வளவு மெலிந்ததாகப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இன்றைய குறைகளைப் பேசிப் பயனில்லை.

1985, 86 மந்தத்தின்போது ஈயத்தின் விலை சரிந்தது, எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு நடந்தது, நாட்டின் வேலையின்மை 7 விழுக்காட்டைத் தாண்டியது. அப்போது வேலை இழந்தவருக்கு இருந்தது தொழிலாளர் இலாகாவின் பதிவுப் புத்தகமும் முதலாளி கொடுக்கும் நட்ட ஈடும்தான். 1997, 98 நிதி நெருக்கடியில் பல்லாயிரக்கணக்கானோர் ஒரே ஆண்டில் வெளியேற்றப்பட்டார்கள். முதலாளியே கடையைச் சாத்திவிட்டு ஓடிவிட்டால் நட்ட ஈட்டை யார் கொடுப்பது என்ற கேள்வி அப்போதுதான் உறைத்தது. மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் ஆட்குறைப்பு நிதி ஒன்று வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது. முதலாளிமார் தரப்பு, ஏற்கனவே நட்ட ஈட்டு விதி இருக்கும்போது இன்னொரு சுமை எதற்கு என்றது. இழுபறி இருபது ஆண்டுகள் நீடித்தது.

2017இல் வேலை காப்புறுதி மசோதா வந்தபோது சந்தா விகிதம் முதலாளிக்கு 0.5, தொழிலாளிக்கு 0.5 என மொத்தம் 1 விழுக்காடாக இருந்தது. மலேசிய முதலாளிமார் சம்மேளனம் எதிர்த்தது. மசோதா ஒத்திவைக்கப்பட்டு, பிறகு 0.2, 0.2 என மொத்தம் 0.4 விழுக்காட்டோடு திரும்பி வந்து நிறைவேறியது. 800ஆம் சட்டம் என்று அதற்குப் பெயர். 2018 ஜனவரியில் சந்தா வசூல் தொடங்கியது. முழு உதவி 2019 ஜனவரியிலிருந்து. இடைப்பட்ட ஓராண்டில் மாதம் 600 ரிங்கிட் வீதம் மூன்று மாதம் வரை மட்டும் இடைக்கால உதவி கொடுத்தார்கள்.

ஒன்று எங்கே, புள்ளி நான்கு எங்கே? 2,500 ரிங்கிட் சம்பளத்துக்கு மாதம் 25 ரிங்கிட் நிதிக்குப் போக வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 10 ரிங்கிட் போகிறது. அதில் தொழிலாளி தருவது 5. சந்தாவுக்கான சம்பள உச்சவரம்பு முதலில் 4,000 ரிங்கிட்டாக இருந்து, 2022இல் 5,000 ஆகி, 2024 அக்டோபரில் 6,000 ஆனது. உச்சவரம்பு ஏறியது நல்லதுதான், அதிகச் சம்பளக்காரர்களுக்கான உதவி அதனால் கூடியது. விகிதமும் ஏணியும் நகரவில்லை. நிதி சின்னதாக இருந்தால் உதவிக் காலமும் சின்னதாகத்தான் இருக்கும். இங்கே பலரும் திட்டத்தை நடத்தும் அலுவலகத்தைத் திட்டுகிறார்கள். கோபம் போய்ச் சேரவேண்டிய இடம் 2017இன் அந்த விகிதக் குறைப்பு என்பது என் கருத்து.

826,100 பேர்

கொவிட் பரவலால் 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மே மாதத்தில் வேலையின்மை 5.3 விழுக்காடு, வேலையற்றோர் எண்ணிக்கை 826,100. அதற்கு முந்தைய ஆண்டு 3.3 விழுக்காடுதான். மனிதவள அமைச்சராக அப்போது இருந்தவர் டத்தோஸ்ரீ எம். சரவணன்.

அந்தச் சமயத்தில் அரசாங்கம் பணத்தைப் பெரும்பாலும் முதலாளிகள் வழியாக விட்டது. சம்பள மானியம் தொழிலாளிக்கு மாதம் 600 ரிங்கிட் என்று தொடங்கி, நிறுவனத்தின் அளவைப் பொறுத்து 600, 800, 1,200 என்று ஆனது. ஆளை வேலையிலிருந்து நிறுத்தாமல் வைத்திருப்பதற்கு அது உதவியது. வேலை போய்விட்டவருக்கான மாற்றம் 2021 பட்ஜெட்டில் வந்தது. ஆறு மாதம் ஒன்பது மாதமானது. முதல் மாதம் 80, இரண்டு முதல் ஆறு வரை 50, ஏழு முதல் ஒன்பது வரை 30 விழுக்காடு. கூட்டிப் பார்த்தால் பழைய ஏணியில் 2.7 மாதச் சம்பளம், புதிய ஏணியில் 4.2 மாதச் சம்பளம். முன்னதாக 2020 பிப்ரவரி ஊக்கத் தொகுப்பில் பயிற்சிக் கட்டண வரம்பு 4,000 ரிங்கிட்டிலிருந்து 6,000க்கும், பயிற்சிக் காலப் படி நாளுக்கு 30 ரிங்கிட்டுக்கும் உயர்த்தப்பட்டிருந்தது.

இவை எல்லாமே தற்காலிகம். சட்டத்தில் இருந்த அட்டவணை அப்படியே இருந்தது. மேலே போட்ட துணியை எடுத்ததும் பழைய மேசை தெரிந்தது. இதைத்தான் சத்தமில்லாத வெட்டு என்கிறேன். தேதி முடிந்தது, அவ்வளவுதான்.

அந்த இரண்டு ஆண்டுகளில் வேலை இழந்தோருக்கான உண்மையான காப்புறுதியாக இருந்தது எது என்று பார்த்தால் ஊழியர் சேமநிதிதான். ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, பிறகு 2022இன் 10,000 ரிங்கிட் சிறப்பு மீட்பு என நான்கு வழிகளில் மக்கள் எடுத்தது மொத்தம் 145 பில்லியன் ரிங்கிட். ஓய்வுக்காலத்துக்கு வைத்த சொந்தப் பணம். செந்தூலிலும் பட்டர்வொர்த்திலும் 40 வயதைத் தாண்டிய எத்தனையோ பேரின் கணக்கில் அப்போது விழுந்த ஓட்டை இன்னும் அடைபடவில்லை. 2024 மே மாதத்திலிருந்து சந்தாவில் 10 விழுக்காடு எந்நேரமும் எடுக்கக்கூடிய மூன்றாம் கணக்குக்குப் போகிறது. ஆபத்துக்கு உதவும் என்பது உண்மை. ஆனால் ஆபத்தை எல்லாரும் பகிர்ந்துகொள்வதுதான் காப்புறுதி. தன் உண்டியலைத் தானே உடைப்பதற்கு வேறு பெயர்.

காசு மட்டுமல்ல

உதவித்தொகையை எல்லாரும் பேசுகிறார்கள். அதோடு சேர்ந்து வரும் ஆள்வழிச் சேவையைப் பற்றிப் பேசுவது குறைவு. வேலை தேடுவோருக்கு இலவச அரசு வேலைவாய்ப்புச் சேவை நடத்த வேண்டும் என்பது அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 1948ஆம் ஆண்டின் 88ஆவது ஒப்பந்தம். மலேசியா 1974இலேயே அதை ஏற்றது. தொழிலாளர் இலாகாவின் முகப்பில் பெயர் பதிவதில் தொடங்கிய சேவை, பிறகு கணினிக்கு மாறி, ஜாப்ஸ்மலேசியாவாகி, இன்று சொக்சோவின் மைஃபியூச்சர்ஜாப்ஸ் தளமாக நிற்கிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் வசதி கூடியது, முகப்பில் உட்கார்ந்து பேசும் நேரம் குறைந்தது.

ஓர் அதிகாரிக்கு மாதத்தில் ஏறக்குறைய 160 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் 80 பேர் இருந்தால் ஆளுக்கு இரண்டு மணி நேரம். சுயவிவரத்தைத் திருத்தலாம், இரண்டு நிறுவனங்களுக்குப் போன் போடலாம், நேர்முகத் தேர்வு என்ன ஆயிற்று என்று கேட்கலாம். நெருக்கடியில் 320 பேர் ஆனால் ஆளுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணியும் கோரிக்கையைச் சரிபார்ப்பதிலும் மாதாந்திர வேலை தேடல் அறிக்கையைப் பார்ப்பதிலும் போய்விடும். ஒதுக்கீட்டில் ஒரு காசு குறையாமலேயே சேவை கால்பங்கு ஆகிவிட்டது. புதிய அதிகாரிகளை எடுக்கப் பதவி அனுமதி வேண்டும், பயிற்சி வேண்டும். அதற்குள் நெருக்கடி தணிந்துவிடும். ஒப்பந்தத்தில் எடுத்தவர்களை அந்தத் திட்டம் முடிந்ததும் அனுப்பிவிடுவார்கள். அடுத்த நெருக்கடிக்கு மறுபடி முதலிலிருந்து.

இப்படிச் சுருங்குவதால் இழப்பு எவ்வளவு என்பதை வேறு நாடுகளில் அளந்திருக்கிறார்கள். டேவிட் கார்ட், யோகன் க்ளூவே, ஆண்ட்ரியா வெபர் ஆகிய பொருளியலாளர்கள் 200க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வேலை தேடுவதில் கைகொடுக்கும் சேவைகளுக்குப் பலன் சீக்கிரம் தெரிகிறது, பயிற்சிக்குப் பலன் தெரிய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன, இந்த வகைத் திட்டங்கள் மந்தக் காலத்தில் தொடங்கப்பட்டால் பலன் கூடுதலாக இருக்கிறது. எப்போது குறைக்கிறோமோ அப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது என்பது இதன் பொருள். பிரிட்டன் 2009இல் இளையோருக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை கொடுக்க எதிர்கால வேலை நிதி என்ற ஒன்றைத் தொடங்கியது. 2010இல் ஆட்சி மாறியதும் செலவு அதிகம் என்று நிறுத்தியது. 2012இல் அதே அரசாங்கத்தின் துறை வெளியிட்ட மதிப்பீட்டில் ஆளுக்கு ஏறக்குறைய 7,750 பவுண்டு சமூகத்துக்கு நிகர லாபம் என்று வந்தது. கணக்கு வந்தபோது திட்டம் இல்லை.

நிதியமைச்சுகள் ஏன் அப்படிச் செய்கின்றன? வேலையின்மை உயரும்போது வரி வருமானமும் சந்தா வருமானமும் விழுகின்றன, கோரிக்கைகள் ஏறுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில். செலவு உடனே கண்ணில் படுகிறது, பலன் இரண்டு மூன்று பட்ஜெட் தள்ளித்தான் தெரிகிறது. நல்ல காலத்தில் நிதியைக் கொழுக்க வைத்தால் ஒழிய இந்தப் பொறியிலிருந்து தப்ப வழியில்லை. 0.4 விழுக்காட்டில் கொழுக்க வைப்பது கடினம்.

தளத்தைப் பற்றி நடைமுறையில் இரண்டு விஷயங்கள். மைஃபியூச்சர்ஜாப்ஸ் பொருத்தத்தைத் தானாகத் தேடும். 'ஜெனரல் வொர்க்கர்' என்று மட்டும் போட்டுவிட்டுத் திறன்கள் பகுதியைக் காலியாக விட்டால் பொருத்தம் வராது. ஃபோர்க்லிஃப்ட் உரிமம், வெல்டிங் சான்றிதழ், எந்த வகை இயந்திரம் ஓட்டினார் என்பதெல்லாம் தனித்தனியாக ஏற வேண்டும். இரண்டாவது, மின்னஞ்சல். ஐம்பதைத் தாண்டிய பலர் மகளின் மின்னஞ்சலையோ கணினிக் கடைக்காரர் போட்டுக்கொடுத்ததையோ வைத்திருக்கிறார்கள். நேர்முகத் தேர்வு அழைப்பும் அறிக்கை நினைவூட்டலும் அங்கே போய்க் கிடக்கும், மாதத் தொகை நிற்கும். சேவை குறைக்கப்பட்டது என்று நினைப்பதில் ஒரு பங்கு இப்படி நின்றுபோனதுதான். அந்தத் தளத்தில் வரும் விளம்பரங்களில் சில, வெளிநாட்டு ஊழியர் அனுமதிக்கு முன் உள்நாட்டில் விளம்பரம் செய்தாக வேண்டும் என்ற விதிக்காகப் போடப்படுபவை. அவற்றுக்கும் விண்ணப்பிப்பதே நல்லது. உள்ளூரில் ஆள் இல்லை என்று சொல்ல விடாமல் அந்த விண்ணப்பம் பதிவில் நிற்கும்.

யார் ஏணியில் ஏறவே முடியாது?

சட்டம் சொல்லும் விதிவிலக்குகளை வரிசையாகப் பார்த்தால் நம்மவர்கள் அதிகம் இருக்கும் வேலைகள் கண்முன் வரும். தானாக விலகியவருக்குக் கிடையாது. ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டவருக்குக் கிடையாது. ஓய்வு பெற்றவருக்குக் கிடையாது. நிபந்தனையின்றி இரு தரப்பும் ஒத்துக்கொண்டு முடித்த ஒப்பந்தத்துக்குக் கிடையாது. குறித்த காலத்துக்குப் போட்ட ஒப்பந்தம் தேதி முடிந்து காலாவதியானால் கிடையாது. சொந்தத் தொழில் செய்பவர்கள், அரசு ஊழியர்கள் திட்டத்துக்கே வெளியே.

இதில் ஒப்பந்தக் காலாவதிதான் பெரிய ஓட்டை. பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் துப்புரவு, காவல் வேலைகள் குத்தகை நிறுவனங்கள் வழியாக நடக்கின்றன. குத்தகை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கை மாறும்போது பத்து ஆண்டு ஒரே வாசலில் நின்ற காவலாளியும் காகிதத்தில் 'ஒப்பந்தம் முடிந்தவர்' ஆகிவிடுகிறார். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்தம் நடந்திருக்கும், உதவி கேட்டால் இல்லை என்று வரும். இதற்கு ஒரே தற்காப்பு ஒப்பந்தத் தாள்களைச் சேர்த்து வைப்பது. ஒப்பந்தம் இடைவெளியில்லாமல் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டிருந்தால் அது உண்மையில் நிரந்தர வேலைதான் என்று வாதாட இடமுண்டு. தொழில் நீதிமன்றத் தீர்ப்புகளில் அந்த வாதம் ஏற்கப்பட்டதும் உண்டு.

இன்னொன்று ராஜினாமாக் கடிதம். 'நீயே ரிசைன் பண்ணிட்டா உன் ரெக்கார்டு கெட்டுப்போகாது, அடுத்த இடத்துல ஈஸியா எடுப்பாங்க' என்று அன்பாகத்தான் சொல்வார்கள். கையெழுத்துப் போட்ட நொடியில் மூன்று உரிமைகள் போகின்றன. சொக்சோவின் உதவித்தொகை, ஆட்குறைப்பு நட்ட ஈடு, முன்னறிவிப்புக் காலச் சம்பளம். விஎஸ்எஸ் (தன்விருப்ப விலகல்), எம்எஸ்எஸ் (பரஸ்பர விலகல்) என்ற பெயரில் முறையான விலகல் திட்டமாக வந்தால் சொக்சோ உதவி உண்டு. வெறும் 'இரு தரப்பு சம்மதத்துடன்' என்று எழுதிய கடிதம் விதிவிலக்குக்குள் போய் விழும். ஒரு வாக்கியத்தில் ஆறு மாதத் தொகை தொங்குகிறது என்பதால், கடிதத்தில் 'ஆட்குறைப்பு' என்ற காரணம் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்திடக் கூடாது. பாலியல் தொல்லையாலோ மிரட்டலாலோ, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஆபத்தான காரியத்தைச் செய்யச் சொன்னதாலோ விலகியிருந்தால் அது தானாக விலகியதாகாது. ஆனால் ஆதாரம் வேண்டும்: போலீஸ் புகார், வாட்ஸ்அப் செய்தி, மேலாளருக்கு அனுப்பிய புகார்.

நட்ட ஈட்டுக் கணக்கு 1980ஆம் ஆண்டு விதிகளில் இருக்கிறது. ஓராண்டு முதல் இரண்டு ஆண்டுக்குள் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 15 நாள், ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். முன்னறிவிப்பு முறையே 4, 6, 8 வாரம், வேலை ஒப்பந்தத்தில் குறைவாக எழுதியிருந்தாலும் ஆட்குறைப்பில் இதற்குக் குறையக் கூடாது. நம் ஆபரேட்டர் ஆறு ஆண்டு வேலை செய்திருந்தால் 120 நாள் சம்பளம், ஏறக்குறைய 9,860 ரிங்கிட். வேலை முடிந்த ஏழு நாளுக்குள் கைக்கு வர வேண்டும், இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவில் புகார். மாதம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் என்றால் இந்தச் சட்டப்படியான நட்ட ஈடு கிடையாது, வேலை ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். முதலாளி ஆட்குறைப்புக்கு 30 நாள் முன்பே ஆட்குறைப்பை அறிவிக்கும் பிகே பாரத்தைத் தொழிலாளர் இலாகாவுக்கு அனுப்ப வேண்டும். ஒரே வகை வேலையில் உள்ளவர்களில் வெளிநாட்டு ஊழியரை முதலில் நிறுத்திய பிறகே உள்ளூர் ஆளை நிறுத்த வேண்டும்.

இனி நாள் கணக்கு. சொக்சோ கோரிக்கைக்கு வேலை போன நாளிலிருந்து 60 நாள். நியாயமின்றி நீக்கினார்கள், மீண்டும் வேலையில் சேர்க்க வேண்டும் என்று தொழில் உறவு இலாகாவில் 1967ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின் கீழ் முறையிடுவதற்கும் 60 நாள். இரண்டும் வெவ்வேறு அலுவலகம், ஒன்றில் கொடுத்தது இன்னொன்றுக்குச் சேராது. மார்ச் 31 கடைசி நாள் என்றால் மே 30 அறுபதாவது நாள். சனி, ஞாயிறு, பெருநாள் விடுமுறை எல்லாம் கணக்கில் சேரும். முதலாளி கடிதம் தருவார், சேமநிதிக் கணக்கு முடியட்டும், தீபாவளி போகட்டும் என்று காத்திருந்தே பலர் தவறவிடுகிறார்கள். கோரிக்கையை இணையத்திலும் கொடுக்கலாம், எந்தச் சொக்சோ அலுவலகத்திலும் கொடுக்கலாம். கோலாலம்பூரில் வேலை இழந்தவர் ஊருக்குத் திரும்பிப் பினாங்கில் கொடுத்தாலும் செல்லும். அடையாள அட்டை, பணிநீக்கக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் போதும். முதலாளி கடிதம் தர மறுத்தாலும் முதல் வாரத்திலேயே போய்ப் பதிந்துவிட வேண்டும். அப்புறம் மற்ற ஆதாரங்களைச் சேர்க்கலாம்.

அங்கே போகும்போதுதான் பலருக்கு இன்னொரு அதிர்ச்சி காத்திருக்கும். சம்பளத்தில் பிடித்தார்கள், கட்டவில்லை. சந்தா அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். கட்டத் தவறும் முதலாளிக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனை சட்டத்தில் இருந்தாலும் சம்பளச் சீட்டே தராத இடங்களில் பிடித்தத்தை நிரூபிப்பது தொழிலாளியின் தலையில்தான் விழுகிறது. வேலையில் இருக்கும்போதே ஆண்டுக்கு ஒருமுறை அடையாள அட்டையோடு போய்ச் சந்தா பதிவைக் கேட்டுப் பார்ப்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு.

பயிற்சியின் கணக்கு இன்னும் இறுக்கமானது. சட்டம் தொடங்கியபோது பயிற்சிக் கட்டணம் 4,000 ரிங்கிட் வரை, பயிற்சிக் காலப் படி தினச் சம்பளத்தில் 25 விழுக்காடு, அதுவும் நாளுக்கு 10 ரிங்கிட்டுக்குக் குறையாமல் 20 ரிங்கிட்டுக்கு மிகாமல். செபராங் ஜெயாவிலிருந்து பாலத்தைத் தாண்டி பாயான் லெப்பாஸ் போய்வரும் பெட்ரோலும் மதியச் சாப்பாடும் அந்த 20 ரிங்கிட்டைத் தின்றுவிடும். 1989இலிருந்து இயங்கும் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் போன்ற தரமான இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. இருந்தாலும் வீட்டில் இரண்டு பிள்ளைகள் படிக்கும்போது மூன்று மாதப் பயிற்சியைவிட மறுநாளே கிடைக்கும் லோரி அட்டெண்டன்ட் வேலைதான் வெல்லும். பயிற்சிக்கு ஆள் வரவில்லை என்று ஒதுக்கீட்டைக் குறைக்க அதுவே காரணமாகிறது.

அரசுச் சேவை மெலிந்த இடத்தில் தரகர் முளைக்கிறார். தனியார் வேலைவாய்ப்பு முகவர்கள் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். டெலிகிராம் குழுவில் 'மாதம் 6,000, தங்குமிடம் இலவசம்' என்று போடுபவர்களிடம் அது இருக்காது. 2022இல் கம்போடியாவிலும் மியன்மாரிலும் மோசடிக் கும்பல்களின் கட்டடங்களில் மலேசியர்கள் அடைபட்டுக் கிடந்த செய்திகள் அப்படிப்பட்ட விளம்பரங்களில்தான் தொடங்கின. பதிவுக் கட்டணம் முதலில் கேட்டாலோ அடையாள அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் கேட்டாலோ அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலோர் அவ்வளவு தூரம் போவதில்லை, செயலி வழி டெலிவரிக்கு மோட்டார் சைக்கிளை எடுக்கிறார்கள். 2017இன் 789ஆம் சட்டம் சொந்தத் தொழிலாளர்களுக்கு விபத்துக் காப்பைத் தருகிறது, வேலை இழப்புக் காப்பைத் தருவதில்லை. செயலி முடக்கப்பட்ட ஓட்டுநர் அந்த ஆறு எண்களில் முதலாவதைக்கூடப் பார்க்க மாட்டார். 2025 ஆகஸ்டில் மக்களவையில் நிறைவேறிய கிக் தொழிலாளர் சட்டம் ஒப்பந்தம், புகார் தீர்ப்பாயம், விபத்துக் காப்பு என்று பல நல்ல வாசல்களைத் திறந்தது. இறங்கும் ஏணிக்கு அதில் இடமில்லை.

2025இல் நாட்டின் வேலையின்மை 3 விழுக்காட்டை ஒட்டி நின்றது. அந்த எண்ணைக் காட்டித்தான் திட்டத்தை விரிவாக்கத் தேவையில்லை என்கிறார்கள். அது எப்படி எடுக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். கணக்கெடுப்பு வாரத்தில் சம்பளத்துக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே புள்ளிவிவரத் துறையின் ஏட்டில் அவர் வேலையில் உள்ளவர். பிறையின் ஆபரேட்டருக்கு ஆறாவது மாதத்தின் 750 ரிங்கிட் வந்து தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏழாவது மாதம் சொக்சோவின் பட்டியலில் அவர் பெயர் இருக்காது.  வாரத்தில் இரண்டு இரவு செபராங் ஜெயாவில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்த 3 விழுக்காட்டுக்கு வெளியே, வேலையில் உள்ளவர்களோடு அவரும் ஒருவர்.